நாக்கு சுருட்டும் பாடம்

மரக்காணம்
18 நவம்பர் 2025

சரவணகுமாருக்கு,

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் ஜெயா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இதற்காவது பேனாவை எடுத்துப் பதில் எழுது.

உன் மீனவக் குப்பத்தில் ஒரு குடும்பம் உடைந்துவிட்டது. நம் பாடம்தான் உடைத்தது.

மே மாதம் கரையோரப் பள்ளிகளுக்கு வந்த புது ஆசிரியர்களுக்கு உன் டிரஸ்ட் சார்பில் நீ பயிற்சி கொடுத்தாயே, பாரம்பரியம் பற்றிய பாடம். பி.எட்.டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இன்று மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லித் தருகிறான் என்று எனக்கு அவ்வளவு பெருமை. நீ சொன்னபடியே இந்த மாதத் தொடக்கத்தில் கண்ணாடிகள் வாங்கிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனேன். நாக்கை நீட்டி, இரண்டு ஓரத்தையும் மேலே மடித்துக் குழாய் மாதிரி சுருட்ட வேண்டும். சிலருக்கு வரும். சிலருக்கு எவ்வளவு முக்கினாலும் வராது.

இந்த வகுப்பில் குப்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், உப்பளத்துக் காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம், பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளைகள் முன்னால், இருளர் பிள்ளைகள் கடைசியில். நான் மாற்றி உட்கார வைத்தால் மறுநாள் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் எல்லாரும் ஒரே கண்ணாடியைச் சுற்றி நின்று, ஒருவர் நாக்கை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் போய் அசடு மாதிரி சந்தோஷத்தில் அழுதேன். "வீட்ல அப்பா அம்மாவுக்கு சுருளுதான்னு பாத்துட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பினேன்.

ஷாலினியைத் தெரியுமல்லவா? வேல்முருகன் மகள், உங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. வகுப்பில் முதல். கேள்வி கேட்டே என் உயிரை வாங்குவாள். அவளுக்கு நாக்கு அழகாகச் சுருளும்.

இரண்டு நாள் கழித்து வேல்முருகன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மங்களூர்ப் பக்கம் போட்டில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வந்தவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அப்பனுக்கும் சுருளல, ஆத்தாளுக்கும் சுருளல. புள்ளைக்கு மட்டும் சுருளுமா?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குப்பத்திலிருந்து ஒரு தகப்பன் அறிவியல் கேள்வியோடு பள்ளிக்கூடத்துப் படியேறி வந்திருக்கிறார்! பெற்றோர் கேட்டால் அலட்சியம் பண்ணாதே, முழுசாகப் பதில் சொல் என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. முழுசாகத்தான் சொன்னேன். போர்டில் கட்டம் போட்டே காட்டினேன். "சுருளாதுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது இருந்தாதான் புள்ளைக்கு வரும்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மனைவி வசந்தாவை அடித்து, மாற்றுப் புடவைகூட இல்லாமல் தெருவில் தள்ளிவிட்டார். அந்தப் பெண் இப்போது கீழ்புத்துப்பட்டுப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் கிடக்கிறாள். ஷாலினி அப்பாவோடு இருக்கிறாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்யலாம் என்று எழுது.

ஜெயப்ரியா


சென்னை
25 நவம்பர் 2025

அன்புள்ள ஜெயப்ரியா,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் வருத்தமாக இருந்தது. முதலில் ஒரு விஷயம்: இதைப் பற்றி வாட்ஸப்பில் எதுவும் எழுதாதே. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் டிரஸ்ட்டுக்குத் தலைவலி.

வேல்முருகன் அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கோபக்காரர், குடித்தால் இன்னும் மோசம். ஏற்கெனவே அவர் மனதில் என்ன இருந்ததோ, நமக்குத் தெரியாது. ஆறு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று இருக்கிற வீடுகளில் இதெல்லாம் வருவதுதான். கோபம் தணிந்தால் அவரே போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நம் பயிற்சிக் கையேட்டில் அந்தச் செயல்பாடு வகுப்பறைக்குள் செய்யும்படிதான் இருக்கிறது. வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னது நீயாகச் சேர்த்தது. ஜனவரியில் கையேடு ஆய்வுக்குப் போகிறது. அதன்பிறகு நாற்பது பள்ளிகளுக்கு அச்சாகும். இந்த நேரத்தில் யாரிடமாவது விளக்கம் சொல்ல நேர்ந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சரவணகுமார்


மரக்காணம்
3 டிசம்பர் 2025

பயிற்சியாளர் சரவணகுமார் சார் அவர்களுக்கு,

வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னது நானாகச் சேர்த்ததா? "பாடத்தை வீட்டுக்கு அனுப்பு, வீட்டைப் பாடத்துக்குக் கூப்பிடு" என்று எங்கள் எல்லாருக்கும் பனியன் அடித்துக் கொடுத்தது யார்? பாடத்தை வீட்டுக்கு அனுப்பினேன் சார். வீடு எழுந்து வந்துவிட்டது. இப்போது அந்த வாசகத்துக்கு நான்தான் பொறுப்பா?

ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்க, நான் ஏன் இங்கே வந்தேன்? "எங்க கடற்கரைப் புள்ளைங்களுக்கு நல்ல சயின்ஸ் டீச்சரே வர்றதில்ல ஜெயா" என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று கண் கலங்கினாயே, அதற்காக வந்தேன். பெருமுக்கல்லில் வயலும் வரப்புமாக வளர்ந்தவளுக்கு இந்தக் கரையில் யாரைத் தெரியும்? நீ சென்னையில் ஏசியில் உட்கார்ந்துவிட்டாய்.

போகட்டும், சண்டை போட நேரமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாடம் தப்பு, குமார். ராத்திரி பகலாக உட்கார்ந்து தேடிப் படித்தேன். நாக்கு சுருள்வது நாம் சொன்ன மாதிரி ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று கட்டத்தில் அடங்குகிற விஷயமே இல்லையாம். ஒரே கருவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளிலேயே ஒன்றுக்குச் சுருளுமாம், ஒன்றுக்குச் சுருளாதாம். பெற்றவர்கள் இருவருக்கும் இல்லாமலே பிள்ளைக்கு வருமாம். ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. பழைய பாடம் மட்டும் கை மாறிக் கை மாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாமும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டோம்.

ஓடிப்போய் வேல்முருகனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கு கட்டம் போட்டு காமிச்சீங்க. இன்னைக்கு என் பொண்டாட்டி அழுதான்னு மாத்திப் பேசறீங்க. படிச்சவங்க இப்படி செய்யலாமா டீச்சர்?" என்றார். ஹெட்மாஸ்டர் சிவஞானம் சார் "அம்மா, நாம பள்ளிக்கூடம், அது குடும்பம். நடுவுல போகாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வேல்முருகன் ஊர்க் கூட்டத்தில் கல்யாணத்தை அத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பொங்கல் கழித்துப் பேசி முடிப்பார்களாம். முடித்துவிட்டால் வசந்தா வேறு, ஷாலினி வேறு. நான் ஊர்த் தலைவர் நாட்டார் அப்பாவுவைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சரம்மா, கூட்டத்துல பொம்பளைங்க பேசற வழக்கமில்ல. உங்க பக்கம் ஆம்பளை யாராவது இருந்தா அனுப்புங்க" என்றார். என் பக்கம் எந்த ஆம்பிளை இருக்கிறான்? நீ அந்த ஊர்க்காரன், அறிவியல் படித்தவன்; உன் அப்பா சிங்காரமே அந்தக் கூட்டத்தில் உட்காருகிறார். நீ வந்து "பாடம் தப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வா.

ஜெயப்ரியா


சென்னை
12 டிசம்பர் 2025

ஜெயா,

உன் கோபம் நியாயம். நானும் தேடிப் படித்தேன். நீ சொல்வது சரி. பாடம் தப்பு.

டிரஸ்ட் டைரக்டரிடம் சொன்னேன். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். தப்பு என்று இப்போது ஊரில் போய்ச் சொன்னால் மற்ற பாடங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது.

நான் வந்து பேசுவது நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. குப்பத்தில் முதன்முதலில் எம்.எஸ்சி. முடித்தவன் என்று அப்பா அந்தக் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருகிறார். அவர் முன்னாலேயே நின்று நான் தயாரித்த பாடம் ஒரு குடும்பத்தைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வேன்? வெறும் வாயால் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். உன்னையே நம்பவில்லையே.

இரண்டு வழி தோன்றுகிறது. ஒன்று, டி.என்.ஏ. பரிசோதனை. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொன்று, குப்பத்திலேயே இதே மாதிரி வேறு வீடுகள் கட்டாயம் இருக்கும். அப்பா அம்மாவுக்குச் சுருளாமல் பிள்ளைக்குச் சுருளும் வீடுகள். நாலைந்தைக் கண்டுபிடித்துக் காட்டினால் யாரும் மறுக்க முடியாது. நீ முயற்சி செய்து பார்.

குமார்


மரக்காணம்
28 டிசம்பர் 2025

குமார்,

உன் இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன்.

இரட்டைப் பிள்ளைகள் கிடைத்தால் தேவலையே என்று முதலில் தேடினேன். ஆறாம் வகுப்பில் உப்பளக் காலனிப் பெண்கள் இரண்டு பேர், அச்சு அசலாக ஒரே முகம். நாக்கை நீட்டச் சொன்னேன். இரண்டு பேருக்கும் அழகாகச் சுருண்டது. என் அதிர்ஷ்டம் அப்படி.

பிறகு வீடு வீடாகப் போனேன். குப்பத்தில் இப்போது இது ஒரு விளையாட்டாகிவிட்டது, உனக்குத் தெரியுமா? ஒயின் ஷாப் வாசலில் ஆண்கள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். பிள்ளைகளை இழுத்து வைத்துப் பார்க்கிறார்கள். நான் தெருவில் நுழைந்தாலே அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வேலம்மாள் என்று ஒருத்தி, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டுல மட்டும் பாக்காதீங்க டீச்சர். உங்க கால்ல வேணா வுழறேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கேட்ட வீடுகள் இருக்கின்றன, குமார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாயாலேயே எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வசந்தாவைக் காப்பாற்ற நாலு வீட்டைக் காட்டினால், கூட்டம் என்னை நம்பாவிட்டால், நாலு பேரும் தெருவுக்கு வருவார்கள். எந்தத் தைரியத்தில் காட்டுவேன்? இந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஒரு பேரைக்கூட உனக்குச் சொல்ல மாட்டேன்.

கீழ்புத்துப்பட்டுக்குப் போய் வசந்தாவையும் பார்த்தேன். என்னை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. டி.என்.ஏ. விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ரத்தத்தைக் குடுத்துதான் வூட்டுக்குள்ள போகணும்னா அந்த வூடு எனக்கு எதுக்கு டீச்சர்?" என்றாள்.

அடுத்து அவள் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் நீ படிக்க வேண்டும்.

"அவரு கேட்டதைக்கூட பொறுத்துக்குவேன். குடிச்சா எதையாவது கேக்கறவருதான். அன்னைக்கு அடி வாங்கி வாசல்ல கெடக்கறேன். எம்பொண்ணு பக்கத்துல வந்து குந்திக்கினு மெதுவா கேட்டா, 'அம்மா, எங்கிட்ட மட்டும் உண்மையை சொல்லும்மா'ன்னு. அவ அறிவியல்ல தொண்ணூறு வாங்கறவ. பாடத்துல வந்தா அது அவளுக்கு வேதம். அவ நம்பிட்டா டீச்சர்."

வகுப்பில் யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்று நினைத்துப் பார்க்கிறேன். கடைசி பெஞ்சில் தூங்கியவன் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகக் கவனித்தவள் வீடுதான் போனது.

ஷாலினி பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பதில்லை. பொதுத்தேர்வு வருகிறது.

நீ வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

ஜெயா


சென்னை
19 ஜனவரி 2026

ஜெயா,

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பஸ் வந்தது, இறங்கத் தைரியம் வரவில்லை.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டு நாக்கை நீட்டினார். வரவில்லை. "இது என்னாடா கூத்து" என்று அம்மா கரும்பைத் துப்பிவிட்டு முயன்று பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை.

எனக்கு வரும். உனக்குத் தெரியும், பயிற்சியில் எல்லாருக்கும் சுருட்டிக் காட்டினேனே.

நான் அம்மாவைப் பார்த்தேன், ஜெயா. அந்த ஆராய்ச்சியையெல்லாம் படித்தவன் நான். பாடம் தப்பு என்று உனக்கே எழுதியவன். அப்பாவோடு என்னை நிறுத்தினால் எவனும் இரண்டாம் முறை கேட்க மாட்டான். அதே மூக்கு, அதே நெற்றி, அதே கோணல் நடை. எல்லாம் தெரிந்தும் ஒரு நொடி அவளை அப்படிப் பார்த்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். வேல்முருகன் வீட்டுக் கதை அவளுக்கும் தெரியுமே. எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சாயங்காலம் சமையலறை வாசலில் போய் நின்றேன். "அம்மா, கூட்டத்துல நம்ம வூட்டைச் சொல்லிப் பேசட்டுமா? வசந்தாக்காவுக்காக" என்றேன். அவள் திரும்பவே இல்லை. "எங்கிட்ட ஏன்டா கேக்கற? நீ படிச்சவன்" என்றாள்.

வேறு எந்த வீட்டையும் காட்ட முடியாது என்று எழுதினாயே, அது சரிதான். என் வீட்டைக் காட்டலாம். என் முகமே சாட்சி. வரும் ஞாயிறு கூட்டம், நான் வருகிறேன். டைரக்டரிடம் சொல்லவில்லை.

குமார்


மரக்காணம்
27 ஜனவரி 2026

குமார்,

பேசி முடித்த கையோடு பஸ் ஏறிவிட்டாய். இருந்திருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன்.

பெண்கள் கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். நீ நடுவில் போய் நின்றது தெரிந்தது. நாக்கைச் சுருட்டிக் காட்டினாய். "எங்க அப்பாவுக்கு வராது. எங்க அம்மாவுக்கு வராது. எனக்கு வருது. நான் யாரு புள்ளைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாய். "அந்தப் பாடம் நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன். அக்கா மேல தப்பில்ல" என்று சொன்னாயே, மதிலோரம் வேலம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். உன்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது.

நாட்டார் அப்பாவு சிரித்துவிட்டார். "டேய், சிங்காரத்தை உரிச்சு வெச்ச மாதிரி நிக்கற. உன்னைப் பாத்து எவன்டா சந்தேகப்படுவான்?" என்றார். கூட்டமே சிரித்தது. "அப்போ இந்த நாக்கு வெவகாரம் சும்மாதான்ப்பா. ஏம்பா வேல்முருகா, போய் பொண்டாட்டியைக் கூட்டிக்கினு வா" என்று முடித்துவிட்டார். ஜெயித்துவிட்டாய்.

மிச்சத்தையும் எழுதுகிறேன். கூட்டம் கலையும்போது எவனோ "சிங்காரம், எதுக்கும் பாத்துக்கோ" என்று விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறான். கடற்கரையில் இரண்டு நாளாக இதே கேலி. உன் அப்பாவுக்குச் சந்தேகம் ஒன்றும் கிடையாது. ஆனால் மனுஷனுக்கு அந்தக் கேலியைத் தாங்க முடியவில்லை. கூட்டத்துக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

நேற்று உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். சரஸ்வதி அம்மா என்னை வா என்றாள். "ஊர் முன்னாடி என் பேரை எடுத்தான். எடுக்கட்டும். ஒரு பொண்ணு வாழ்க்கைக்குத்தானே எடுத்தான், அதுக்கு எனக்கு சந்தோஷம்தான்" என்றாள். நான் கிளம்பும்போது, "பொங்கலன்னைக்கு ஒண்ணு பாத்தான். அதைத்தான் மறக்க முடியல" என்றாள். உனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நீ ஊருக்கு வா. நேரில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்.

வசந்தாவைக் கூட்டிவர இன்றைக்குப் போயிருக்கிறார்கள்.

ஜெயா


சென்னை
14 பிப்ரவரி 2026

ஜெயா,

அம்மாவுக்குப் போன் செய்கிறேன். எடுக்கிறாள். "சாப்ட்டியா? வேலையெல்லாம் நல்லா போவுதா?" என்று கேட்கிறாள். நான் எதையாவது ஆரம்பித்தால் "அடுப்புல வெச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள். முன்னெல்லாம் நான்தான் வைப்பேன். ஊருக்கு வரத்தான் வேண்டும். வந்து அவள் எதிரில் உட்கார்ந்து எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். புதுப் பயிற்சி தொடங்கியது. நாற்பது பேர், எல்லாரும் நம்மை மாதிரி முதல் தலைமுறைப் பட்டதாரிகள், கண்ணில் அவ்வளவு ஆசை. கரையோரம், மலை, இருளர் குடியிருப்பு என்று போகப் போகிறவர்கள். பாரம்பரியம் பாடம் வந்தது. டைரக்டர் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் பேர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் தப்பு என்பதை, ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை, என் வீட்டில் நடந்ததை. "நீங்க போற ஊர்ல நீங்க சொல்றதை அப்படியே நம்புற ஒரு புள்ளையாவது இருக்கும். அந்தப் புள்ளையை நினைச்சுக்கிட்டுப் பாடம் எடுங்க" என்றேன். கடைசியில் ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், அப்போ இதுக்குப் பதிலா எந்த ஆக்டிவிட்டி பண்றது?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு நினைத்தேன், பாவம், நாளைக்கு அவன் ஒரு வகுப்பில் போய் நிற்க வேண்டுமே.

டைரக்டர் என்னைக் கணக்குப் பாடத்துக்கு மாற்றிவிட்டார்.

வசந்தாக்கா வீடு வந்துவிட்டாளா? ஷாலினி பள்ளிக்கு வருகிறாளா? இந்த இரண்டையும் முதலில் எழுது.

குமார்


மரக்காணம்
3 மார்ச் 2026

குமார்,

இரண்டுக்கும் ஆமாம் என்றே எழுதலாம். அதனால்தான் பேனாவை எடுக்க இத்தனை நாள் ஆனது.

வசந்தா வந்துவிட்டாள். வேல்முருகன் தன் தம்பி, பங்காளிகளோடு போய்ப் பூ, பழம் வைத்துக் கூப்பிட்டாராம். காலில் விழவில்லை, ஆனால் அழுதாராம். இப்போது மறுபடி மங்களூர் போய்விட்டார். போகுமுன் என்னைத் தெருவில் பார்த்து, "தப்பு உங்க மேலயும் இல்ல டீச்சர். அச்சடிச்சவன் மேலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னைத்தான் சொன்னார். தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை.

உப்பளத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது. வசந்தா விடிவதற்கு முன்னாலேயே உப்பு வாருவதற்குப் போய்விடுகிறாள். முன்பெல்லாம் போனவள் இல்லை. போன சனிக்கிழமை வரப்பில் போய் அவளைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. "வீடு நல்லா இருக்கா வசந்தாக்கா?" என்று கேட்டேன். "புருஷன் கேட்டதை ஊரு தீர்த்து வெச்சிடுச்சு. பொண்ணு கேட்டதை யாரு தீர்ப்பாங்க?" என்றாள். சோறு பொங்கி வைக்கிறாளாம், சீருடை துவைத்துப் போடுகிறாளாம், தலை பின்னி விடுகிறாளாம். பேச்சு மட்டும் வரவில்லையாம். "வரமாட்டேங்குது டீச்சர். நானும் பேசணும்னுதான் நெனைக்கறேன்" என்றாள். நான் என்னவோ சமாதானம் சொன்னேன். எனக்கே அது பிடிக்கவில்லை.

ஷாலினி பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறாள். ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அவள் கேள்வி கேட்டே உயிரை வாங்குவாள் என்று உனக்கு எழுதினேன். இப்போது வகுப்பு அமைதியாக இருக்கிறது. சிவஞானம் சார் எட்டிப் பார்த்து "நல்ல கன்ட்ரோல் வந்துடுச்சும்மா உங்களுக்கு" என்கிறார்.

நேற்று மணி அடித்து எல்லாரும் போனபிறகு அவள் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எதையோ கேட்கப் போகிறாள் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. "கேளும்மா, கேளு" என்றேன்.

"டீச்சர், அம்மா என்கிட்ட பேச மாட்டேங்குது" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. "நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே டீச்சர் நான் கேட்டேன்?"

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயா